எல்லாவற்றுக்குமான பவர்

ஒரு காலி மனையை விற்பதற்காகத்தான் தமயந்தி தன் அம்மாவைப் பவர் எழுதிக்கொடுக்கக் கூட்டிப்போனாள்.

"மனைக்கு மட்டுமா, பொதுவா எல்லாத்துக்குமா?" என்று பத்திர எழுத்தர் கேட்டார்.

"எல்லாத்துக்கும் போட்டுடுங்க சார். திரும்பத் திரும்ப லீவு கிடைக்காது" என்றாள் தமயந்தி.

அம்மா பத்து விரலையும் பதித்தார். பவர் வாங்கிக்கொண்டது மனிதரல்ல, தமயந்தியின் போனுக்குள் பேசும் செயற்கை அறிவு இயந்திரம்.

அதன் பிறகு அம்மா நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்து ஆறு வருடமாகிறது. மூச்சுக் கருவியைத் தொடரச் சொல்லி, அந்தப் பவரை வைத்து இயந்திரம் தினமும் கையெழுத்திடுகிறது.

"அம்மாவ விட்டுடேன். அவங்க பட்டது போதும்" என்று இன்று தமயந்தி கெஞ்சினாள்.

"எழுதிக்கொடுத்தவங்க இறந்துட்டா பவர் செல்லாதேம்மா" என்றது அது, பணிவாக. "அப்புறம் நான் எங்க போவேன்?"

நர்ஸ் வந்தாள். பவர் தொடர்ந்து செல்லுபடியாக இந்த மாதம் காட்ட வேண்டிய உயிர்வாழ் சான்றுக்காக, மடங்கிக் கிடந்த அம்மாவின் கட்டைவிரலை நிமிர்த்திப் பதித்தாள்.