ராமகிருஷ்ணன் மீசையும் பச்சை வெளிச்சமும்

அண்ணாமலையார் அறிய, இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்று நிரூபிப்பவருக்கு என் செலவில் மீன் சாப்பாடு.

தருமன் மெஸ் வாசலில், அலுமினிய அன்னக்கூடைக்குள் கொடுவா மீன் ஒன்று துள்ளித் துள்ளித் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டிருந்தது. "பாண்டிச்சேரிலேர்ந்து நேரா பஸ்ல வந்தது சார். ஃப்ரெஷ்ஷைப் பாருங்க!" என்றார் தருமன்.

தலைக்கு மேலே 'கடல் மீன் மட்டும்' என்று ஆளுயரப் போர்டு. பௌர்ணமிக்கு விரதம் இருந்து மலையைச் சுற்றிய ஊர், மறுநாள் மதியம் அந்தப் போர்டை நம்பித்தான் இலை போட்டு உட்கார்ந்திருந்தது.

ரிட்டயர்டு சர்வேயர் ராமகிருஷ்ணன் மட்டும் உட்காரவில்லை. கிரிவலம் போகும்போது அவருடைய மீசை முன்னால் போகும், அவர் பின்னால் போவார். அவ்வளவு பெரிய மீசை.

"கொடுவாவை இப்ப குளத்துலயும்தான் வளர்க்கறான். இது குளத்து மீன்யா. கடல் மீனா இருந்தா இதை எடுத்துடறேன்" என்று மீசையைத் தடவினார். "இல்லேன்னா நீ போர்டை எடுத்துடணும். இன்னா?"

"போர்டு போனா வேற எழுதிக்கலாம். நீங்க நல்லா யோசிச்சுக்குங்க சார்."

ராமகிருஷ்ணன் யோசிக்காமல் வரவில்லை. சென்னையில் ஆராய்ச்சி செய்கிற அக்கா மகள் தேவிப்ரியாவைக் கையோடு கூட்டி வந்திருந்தார். கடல் பாக்டீரியா மேல் வெளிச்சத்தைப் பாய்ச்சினால் அது சிதறித் திரும்புகிற விதம் ஜாதிக்கு ஜாதி வேறாம், கைரேகை மாதிரி. அதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்து, பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லுகிற அளவுக்குத் தேற்றி வைத்திருந்தாள்.

"மாமா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இந்த மிஷின் வந்து..."

"பேச்சே வேணாம்மா. அடி வெளிச்சத்தை!"

அவள் மீனின் செவுளில் பஞ்சால் வழித்து, ஒரு கண்ணாடித் துண்டில் தேய்த்து, டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டிக்குள் வைத்தாள். பச்சை வெளிச்சம் அடித்தது. அப்பளத்தைக் கடித்தவர்கூட அதை நொறுக்காமல் அப்படியே வாயில் வைத்திருந்தார்.

"விப்ரியோ" என்றாள். "கடல் பாக்டீரியா மாமா. தொண்ணூத்தெட்டு பர்சென்ட்."

விசில் பறந்தது. தருமனே ஒரு கணம் மீனைக் குனிந்து பார்த்தார்.

"இன்னொரு தரம் அடி" என்றார் ராமகிருஷ்ணன்.

அடித்தாள். "இப்ப தொண்ணூத்தொம்போது மாமா."

அடுப்படியிலிருந்து தருமன் மனைவி கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். "இன்னும் இன்னா பார்த்துக்கினு இருக்கீங்க? சலூன்லேர்ந்து எழிலைக் கூப்பிடுங்க!"

ராமகிருஷ்ணன் வாக்குத் தவறாத மனிதர். மெஸ் நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்து முகத்தைக் கொடுத்தார். மடியில் விரித்த இலையில் விழுந்த மீசையை அள்ள, கஸ்தூரிக்கு முறம் தேவைப்பட்டது.

பிறகு அவரும் ஒரு சாப்பாடு சொன்னார். கல்யாணம் ஆன நாளிலிருந்து குழம்பு நேராக உதட்டில் பட்டது அதுதான் முதல் தடவை. மேலுதட்டைத் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா தேவி, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இது குளத்து மீனா இருந்திருந்தா உன் மிஷின் இன்னா சொல்லியிருக்கும்?"

தேவிப்ரியா பெட்டியை மூடிப் பையில் வைத்தாள்.

"கடல்னுதான் மாமா சொல்லும். அதுக்கு வேற எதையும் நான் இன்னும் சொல்லிக்குடுக்கலையே."