ஆடாத குதிரை

“ஆடாதேங்கோ எண்டு சொன்னனெல்லே!”

அகப்பைக் காம்பால் புருசனின் முழங்காலில் ஒன்று போட்டாள் கனகேஸ்வரி. வரதராசா வெள்ளவத்தை வீட்டு ஹோலின் நடுவில், இரண்டு கையையும் உயர்த்தியபடி நின்றார்.

கலியாணம் கட்டின நாளிலிருந்து அவரை எதிர்த்து ஒரு சொல் சொல்லாத மனிசி அவள். எல்லாம் அவருடைய பாழாய்ப்போன உடற்கூச்சத்தால் வந்த வினை.

வரதராசா மிருக வைத்தியர். கடிநாய்க்கும் முட்டுமாட்டுக்கும் பயப்படாத மனிசன், கைக்குக் கீழே கமக்கட்டில் ஒரு விரல் பட்டால் போதும், நெளிந்து குழைந்து கெக்கட்டமிட்டுச் சிரிப்பார். போன கிழமை காலி வீதிச் சென்ரிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் உடம்பைத் தடவிப் பார்த்தபோதும் அப்படித்தான் நெளிந்தார்.

சிரிக்கிற நேரமா அது? எதையோ ஒளிக்கிறான் என்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பொழுதுபட்டுத்தான் விட்டார்கள். அதுவரைக்கும் கனகேஸ்வரி பொலிஸ் வாசலில் நின்று அழுத அழுகை கொஞ்சமில்லை.

அன்றைக்குத் தொடங்கியது வீட்டுப் பயிற்சி. அவள்தான் ஆமி. நெளிந்தால் அகப்பை பேசும். இப்போது கமக்கட்டுக்குள் கையை விட்டுக் கிண்டினாலும் மனிசன் அசையமாட்டார். கண் மட்டும் அகப்பையை விட்டு விலகாது.

“அப்பாடா, பாஸ்!” என்று கனகேஸ்வரி அவருடைய சேர்ட்டை இழுத்துச் சரிசெய்தாள். “இனி எனக்குப் பயமில்லை. பத்திரமாப் போட்டு வாங்கோப்பா.”

அவர் போனது குதிரைக் கண்காட்சிக்கு. நாடு பற்றி எரிகிறது, கொழும்பில் குதிரைகளுக்கு நடைப் போட்டி! அதற்கும் தொப்பி போட்டுக்கொண்டு சனம் வந்திருந்தது.

எந்தக் குதிரை காலை உயரத் தூக்கி நடக்கிறதோ அதற்குத்தான் கப். சில பாவிகள் காலில் மிளகாயையும் மண்ணெண்ணெயையும் கலந்து பூசிவிடுவார்கள். எரிவு தாங்காமல் குதிரை நிலத்தில் கால் வைக்காது, துள்ளித் துள்ளி நடக்கும். சனம் கைதட்டும்.

அந்த வதையைப் பிடிக்கத்தான் வரதராசாவைக் கூப்பிட்டிருந்தார்கள். குளம்புக்கு மேலே பெருவிரலால் அமத்த வேண்டும், காலை இழுத்தால் குதிரை வெளியே. விதி அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை இரும்புக்கடை முதலாளி சவுந்தரநாயகம் அவரை ஒரு கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“டொக்டர், போன கிழமை பொலிசில இருந்தனீங்களாமே? மனிசி வாசலில நிண்டு அழுதவவாம்?”

“ஓம்.”

“எனக்கு மேலிடத்தில ஆக்கள் இருக்கினம். என்ர குதிரை பிரின்ஸைப் பாஸ் பண்ணிவிடுங்கோ, பிறகு ஒரு சென்ரியிலயும் ஒருத்தனும் உங்களில கை வைக்கமாட்டான். மாறி ஏதும் செய்தீங்களெண்டால்...”

அவர் கையிலிருந்த சவுக்கைத் தொடையில் தட்டிக்கொண்டார்.

வரதராசாவுக்குக் கனகேஸ்வரியின் அழுத முகம் கண்ணுக்குள் நின்றது. முருகா, இந்தக் குதிரைக்கு ஒன்றும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் குனிந்தார்.

முதல் பார்த்த குதிரைகள் அவரைப் படாத பாடு படுத்தியிருந்தன. ஒன்று வாலால் முகத்தில் அடித்தது. இன்னொன்று சேர்ட் கொலரைச் சப்பியது. காலில் பட்டுத்துணி சுற்றிய பிரின்ஸ் மட்டும் சிலை மாதிரி நின்றது. அமத்தினார், ஆடவில்லை. நன்றாக அமத்தினார், காதுகூட அசையவில்லை.

“பாத்தீங்களே?” சவுந்தரநாயகம் சிரித்தார்.

கமிட்டித் தலைவி மிஸிஸ் ஐறீனுக்குப் புல்லரித்துவிட்டது. “வெரி குட்! இவ்வளவு அடக்கமான குதிரையை நான் என்ர சீவியத்தில கண்டதில்லை. பாஸ்தானே, டொக்டர்?”

பாஸ் என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. விதிப்படியும் பாஸ், இனி எல்லாச் சென்ரியிலும் பாஸ். வரதராசா நிமிர்ந்து குதிரையின் கண்ணைப் பார்த்தார். பிறகு, அந்தக் கண் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தார். வந்த சொல்லை விழுங்கினார்.

“மிஸிஸ் ஐறீன், முதலாளியின்ர சவுக்கை வாங்கி உங்கட காருக்குள்ள வைச்சுப் பூட்டுங்கோ. அவரையும் கூட்டிக்கொண்டு போங்கோ.”

“என்ன விசர்க்கதை இது? குதிரை ஆடேல்லை, பிறகென்ன சோதனை?” சவுந்தரநாயகம் பாய்ந்தார்.

மிஸிஸ் ஐறீன் இப்படிக் கத்துகிற எத்தனை பேரைக் கண்டவர்! ஒரு கையால் சவுக்கைப் பறித்து, மறு கையால் முதலாளியின் முழங்கையைப் பிடித்து, காரடிக்கு நடத்திக்கொண்டு போனார்.

சவுக்கு கண்ணுக்கு மறைந்தது. வரதராசா பெருவிரலை மெல்ல வைத்தார், அமத்தக்கூட இல்லை. பிரின்ஸ் காலைப் பறித்துக்கொண்டு கனைத்த கனைப்பில் பந்தலுக்குள் தேத்தண்ணி குடித்த சனம் எல்லாம் எழும்பிவிட்டது.

காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். மண்ணெண்ணெய் நாறியது. உள்ளே தோல் வெந்து சிவந்து கிடந்தது. பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகை வந்துவிட்டது.

“அவுட்!” என்று கத்தினார்.

“இனி நீ சென்ரி தாண்டுறதை நானும் பாக்கிறன்!” என்று காரடியில் நின்றே கறுவினார் சவுந்தரநாயகம்.

மிஸிஸ் ஐறீன் ஓடிவந்து குதிரையின் காலைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

“டொக்டர், இப்பிடி ஒரு சோதனை எங்கட விதியிலயே இல்லையே! சவுக்கை ஒளிக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் சொல்லித்தந்தது?”

வரதராசா முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“எங்கட வீட்டில குதிரை நான்தான்.”