இடது ஓரம்

சாத்தூர் கல்யாண மண்டபத்துக்கு முன்னால் உள்ள சர்வீஸ் ரோட்டில், இரண்டு கார்கள் ஒன்றையொன்று பார்த்தபடி சற்று இடைவெளி விட்டு நின்றன.

"இறங்கு தாயி," என்றார் மாமனார் கண்ணுச்சாமி. "கொடுத்த பிள்ளைய வாங்கிக்கிறோம், எடுத்த பிள்ளையக் கொடுத்துர்றோம். இனி எல்லாம் பழையபடிதான்."

யோகேஸ்வரி கணவனைப் பார்த்தாள். சூர்யபிரகாஷ் மழையில்லாத கண்ணாடியில் வைப்பரைப் போட்டு நிறுத்தினான்.

பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். மூன்று வருடங்களுக்கு முன்னால் இதே மண்டபத்தில் ஒரே முகூர்த்தம். விருதுநகர் யோகேஸ்வரி ஏழாயிரம்பண்ணை சூர்யபிரகாஷுக்கு. அவன் தங்கை அனுப்பிரியா, யோகேஸ்வரியின் அண்ணன் மகேஷ்குமாருக்கு. அவளுக்கு இவள் மதினி, இவளுக்கு அவள் மதினி.

அனுப்பிரியாவுக்கு விருதுநகரில் ஒத்துவரவில்லை. ஏனென்று அவளும் சொல்லவில்லை, மகேஷ்குமாரும் சொல்லவில்லை. அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பினால் இவளும் திரும்ப வேண்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள்.

யோகேஸ்வரிக்கு ஏழாயிரம்பண்ணையில் ஒத்துப்போயிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

பட்டாசு ஆலை வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போன பிறகு, அவள் மொட்டைமாடிக்கு ஏறுவாள். அங்கேதான் போனில் சிக்னல் எடுக்கும். போனில் நடக்கும் மாலைக் கணித வகுப்பில், ஹையர் கேட்டகரி என்ற உயர்கணிதக் கருத்துக்கு வரையறை எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். பொருள்கள் இருக்கும், பொருள்களுக்கு இடையே மாற்றங்கள், அந்த மாற்றங்களுக்கு இடையேயும் மாற்றங்கள். டோப்பாலஜிகல் குவாண்டம் ஃபீல்ட் தியரி என்ற இயற்பியல் கோட்பாட்டுக்கு அது இல்லாமல் முடியாது என்பார் பாடம் நடத்தும் ஜாஸ்பின் மேடம். சூர்யபிரகாஷ் அச்சகத்தில் கழித்த காலண்டர் தாள்களைக் கொண்டுவந்து தருவான். பின்பக்கம் வெள்ளை.

ஒரு நாள் அவள், இரண்டு பொருள்கள் இருமுறை இடம் மாறினால் மாறாததற்குச் சமம் என்று எழுதினாள். மேடம் அந்த வரியைக் கோடுபோட்டு அடித்துவிட்டார். முனைகளை மட்டும் பார்க்கிறாய், நடுவில் வந்த வழி எங்கே என்று கேட்டார்.

அவளுக்குப் புரியவில்லை. தன் மூளைக்கு இது எட்டாது என்று அழுதாள். சூர்யபிரகாஷ்தான் இரண்டு டம்ளர்களில் நூலைக் கட்டி, மறுமுனைகளை ஜன்னல் கம்பியில் முடிந்து, தரையில் நகர்த்திப் பார்த்தான். ஒரே திசையில் சுற்றி இருமுறை இடம் மாற்றினால் டம்ளர்கள் பழைய இடத்தில் நின்றன. நூல்கள் முறுக்கிக்கொண்டு கிடந்தன. இரண்டாம் முறை எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கு அவிழ்ந்தது.

"டம்ளருக்கு ஒண்ணும் தெரியல புள்ள," என்றான். "நூலுக்குத்தான் தெரியுது."

இப்போது அவன் காரை விட்டு இறங்கவில்லை.

எதிர்க் காரிலிருந்து அனுப்பிரியா இறங்கி நடக்கத் தொடங்கினாள். இவளும் பையோடு இறங்கி நடந்தாள்.

கல்யாணத்தன்றும் இப்படித்தான் காருக்குக் கார் மாறினார்கள். 'இடது ஓரமாப் போங்க' என்று யாரோ சொல்ல, இருவரும் அவரவர் இடது ஓரமாக நடந்தார்கள். இன்றும் இடது ஓரமாகவே போனால் சுற்று முழுதாகிவிடும். முறுக்கு விழும். வலது ஓரமாகப் போனால்?

அசட்டுத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் வலது ஓரத்துக்கு மாறினாள்.

அனுப்பிரியா ஒரு கணம் திகைத்து, வழிவிட்டுத் தன் வலப்பக்கம் ஒதுங்கினாள். இருவரும் இடது தோளுக்கு இடது தோளாக நெருங்கினார்கள்.

இரண்டு நாட்களாக நெஞ்சில் வைத்திருந்ததை யோகேஸ்வரி தாழ்ந்த குரலில் சொன்னாள். "இன்னும் கொஞ்சநாள் பொறுத்துப் போகக் கூடாதா மதினி? நீங்க இருந்தா நானும் இருந்துக்கிருவேன்."

அனுப்பிரியா நடந்துகொண்டே இருந்தாள். இரண்டடி தாண்டிய பிறகுதான் இவள் நின்றுவிட்டதை உணர்ந்து திரும்பினாள்.

"என்னமும் சொன்னீகளா மதினி? இங்கிட்டு வந்து சொல்லுங்க. இடது காது கேக்காது. பொங்கலுக்கு அப்புறம் அடைச்சே போச்சு."

சொல்லிவிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னவள்போல வலது காதைக் காட்டி நின்றாள்.

யோகேஸ்வரி அவளைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். வலது காதருகே குனிந்தாள்.

"ஒண்ணுமில்ல மதினி. வெயில் ஏறுது, நில்லாமப் போங்க."

பிறகு இடது ஓரமாகவே நடந்தாள். பின்னால் ஒரு கார்க் கதவு சாத்தப்பட்டது. வண்டி கிளம்பும் சத்தம் உடனே கேட்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முன்னால், மகேஷ்குமார் பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபடி நின்றான்.

"பையக் குடு தாயி. நல்லா இருக்கியா?"

வலது கை. எதிரெதிரே நிற்பவர்களுக்கு இடமும் வலமும் மாறும். அண்ணனின் வலது கை போய் விழுகிற இடம், எதிரில் நிற்பவளின் இடது கன்னம்.

இந்த ஒரு கணக்கில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

பையைக் கொடுக்காமல், பின்கதவைத் தானே திறந்து ஏறிக்கொண்டாள்.