வைரக்கண்ணு யாரும்மா?

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் பதினோரு பெண்கள். அவர் சுவரோரம் நின்றார்.

பார்க்கிறவர்களுக்கு, மனைவியைக் கூட்டிவந்தவர்.

போன மாதமும் இதே இடத்தில்தான் நின்றார். "வீட்டம்மா உள்ள இருக்காங்களாய்யா?" என்று நர்ஸ் கேட்டாள். ஆமாம் என்றார். டீ குடிக்கப் போகிறவர்போல வெளியே வந்தார். பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார்.

மின்வாரியத்தில் லைன்மேன். கஜா புயலில் பதினெட்டு நாள் வீட்டு வாசலை மிதிக்காமல் கம்பம் நட்டவர். பயம் என்றால் என்னவென்று கேட்கிற ஆள் என்று ஆபீஸில் பெயர்.

இடது மார்பில், காம்புக்கு அடியில் ஒரு கட்டி. முதலில் பட்டாணி அளவு. பிறகு புளியங்கொட்டை.

கம்பம் ஏறுகிற கயிறு உரசியது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பதினான்கு மாதம் சொல்லிக்கொண்டார்.

பேத்தியை நெஞ்சில் போட்டுத் தூங்கவைப்பதை நிறுத்தினார். ஏன் என்று மனைவி கேட்டாள். வெக்கை என்றார்.

சாவுக்குப் பயமில்லை. இங்கே அனுப்பிய ஊர் டாக்டர் சீட்டில் எழுதியிருந்த அந்தச் சொல்தான்.

மார்பகம்.

அது பொம்பளைகளுக்கு வருவதல்லவா? வெளியே தெரிந்தால் ஆபீஸே சிரிக்கும்.

இன்று காலை பனியனில் ரத்தம். அதைத் தானே துவைத்துக் காயப்போட்டுவிட்டுக் கிளம்பி வந்தார்.

பெஞ்சின் ஓரத்தில் இருந்த பெண் சட்டென்று எழுந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சீட்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

"இன்னொரு நாள் வந்துக்கலாம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

அந்த நடை அவருக்குத் தெரியும்.

கதவு திறந்தது.

"வைரக்கண்ணு! வைரக்கண்ணு யாரும்மா?"

நர்ஸின் கண்கள் பெஞ்சில் ஒவ்வொரு முகமாகத் தேடின.

"நான்தான்."

குரல் கொஞ்சம் கூடிப்போயிற்று. அத்தனை தலைகளும் திரும்பின.

அவர் குனியவில்லை.

வராந்தா முனைவரை போய்விட்டவளும் நின்றாள்.

"உங்களுக்காய்யா?" என்றாள் நர்ஸ்.

"எனக்குத்தாம்மா."

கிளம்பிப் போனவள் அவரையே பார்த்தாள்.

"உள்ள... வலிக்குமா?"

அது அவருக்கும் தெரியாது.

"உக்காரும்மா. நான் போயிட்டு வந்து சொல்றேன்."

உட்கார்ந்தாளா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நிமிர்ந்து உள்ளே போனார். நர்ஸ் கதவைச் சாத்துவதற்குள் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றியிருந்தார்.