கேட் செக்கிங்

"பையைத் தொறந்து காட்டணுங்களா சார்?"

வாசலில் செருப்பைக் கழற்றியபடி அறிவழகன் விளையாட்டாகத்தான் கேட்டான். சிங்காரவேல் சிரிக்கவில்லை.

"உள்ள வரவன் பையை எவனாவது பாப்பானா தம்பி? வெளிய போறப்பதான் பாக்கணும். மைன்ஸ் கேட்டுல இத்தினி வருஷமா அதான் என் டூட்டி. ஒருத்தன் தயிர்சாதத்துக்கு அடியில காப்பர் வயர வெச்சிக்கினு போனான். சாதத்தைக் கிளறிப் புடிச்சேன்ல!"

அறிவழகன் பையை அவர் கண்ணில் படுகிற மாதிரி முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தான். வடக்குத்து மெயின் ரோட்டில் லேப்டாப் ரிப்பேர் கடை போட்டு முழுசாக ஒரு தீபாவளி பார்க்கவில்லை. குவார்ட்டர்ஸ்காரர்கள் ஒருத்தர் சொல்லித்தான் இன்னொருத்தர் வருவார்கள். சிங்காரவேல் 'நல்ல பையன்' என்று சொன்னால் பிளாக் முழுக்க அவனுக்குத்தான் வேலை. 'கை சுத்தமில்லை' என்று சொல்லிவிட்டால் ஷட்டரை இழுத்து விட்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

"லேப்டாப்பு ரிப்பேர்காரங்க உள்ள இருக்கற ரேமை உருவிக்கினு பூடறாங்களாமே? பேப்பர்ல போட்டிருந்தான்" என்றார் சிங்காரவேல், நாற்காலியை அவனுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டே.

"எல்லாரும் அப்படி இல்லீங்க சார்."

மேசைமேல் இருந்தது மகள் காலேஜில் படித்தபோது வாங்கிய பழைய லேப்டாப். அவள் கல்யாணமாகிப் போனபோது அப்பாவுக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

"புது விண்டோஸ் வந்திருக்கு, மாத்திக்கோ மாத்திக்கோன்னு தெனமும் கேட்டுக்கினே இருந்திச்சி. தொல்லை தாங்காம நேத்து சரின்னு அமுக்கிட்டேன். அப்டேட் ஓடிச்சி. அதோட சரி. கண்ணையே தொறக்கல."

பழைய மெஷினில் புதுசைத் திணித்தால் சில சமயம் அப்படித்தான் மயங்கி விழும். அறிவழகன் பேட்டரியைக் கழற்றினான். பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி மாட்டினான். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே கிடந்தது. உள்ளேயிருந்து பீப், பீப் என்று சத்தம் மட்டும் வந்தது.

"அப்டேட் கோளாறு மாதிரி தெரியலீங்க சார். பின்னாடி தொறந்துதான் பாக்கணும்."

"தொற, தொற. நான் பாத்துக்கினுதான இருக்கேன்."

அவன் ஸ்குரூவைக் கழற்றி முடிக்கும் நேரம், பின்பக்கம் குழாய் கொட்டும் சத்தம் கேட்டது. "தண்ணி வுட்டுட்டான். புடிச்சி வெச்சிட்டு வந்துடறேன்" என்று சிங்காரவேல் எழுந்து போனார். அப்பாடா என்று அறிவழகன் மூடியைத் தூக்கினான்.

ரேம் இல்லை.

அந்தச் சின்னப் பச்சைப் பலகை இல்லாமல் எந்தக் கம்ப்யூட்டரும் கண் திறக்காது. அது இருக்க வேண்டிய இடம் பல் விழுந்த ஈறு மாதிரிக் காலியாக இருந்தது.

யார் எடுத்தார்கள் என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை. யார் எடுத்ததாகச் சொல்வார்கள் என்பதுதான் பயமாக இருந்தது. நேற்றுவரை நன்றாக ஓடியதாக வீட்டுக்காரரே சொல்கிறார். மூடியைத் திறந்தபோது அறையில் இருந்தவன் இவன் ஒருவன்தான். 'ரேம் இல்லீங்க சார்' என்று உண்மையைச் சொன்னால், தயிர்சாதத்தையே நம்பாத மனிதர் இவனையா நம்பப்போகிறார்? பனைமரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் ஊர் சொல்லும்.

பையில் அவனுடைய சொந்த ரேம் ஒன்று இருந்தது, போட்டுப் பார்த்துச் சோதிப்பதற்காக எப்போதும் வைத்திருப்பது. வெளியே போவதைத்தானே பார்ப்பார்? உள்ளே வந்தது உள்ளேயே தங்கிவிட்டால்?

தன் பொருளையே அடுத்தவர் வீட்டில் திருட்டுத்தனமாக வைக்கிற முதல் ஆள் நான்தான் என்று நொந்துகொண்டே, அதைச் செருகி மூடியைப் போட்டு முடுக்கினான்.

சிங்காரவேல் ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வந்தபோது, திரையில் அவருடைய மகள் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அட! என்னாப்பா பண்ணே?"

"அப்டேட்தாங்க சார். பாதியில மாட்டிக்கினு நின்னிருக்கு. சரி பண்ணிட்டேன்."

"மொதல்ல அப்டேட் இல்லன்னியே?"

"அது... தொறந்து பாத்தப்பதாங்க தெரிஞ்சிது."

"உள்ள எதையும் மாத்தலியே?"

"தொடக்கூட இல்லீங்க. காசெல்லாம் வேணாங்க சார். பிளாக்குல நாலு பேர்கிட்ட சொல்லுங்க, அது போதும்."

வாசலில் கேட் செக்கிங் நடந்தது. ஸ்குரூ டிரைவர், பிரஷ், அழிரப்பர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்த்தார். டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சை சாதத்தை ஸ்பூனால் கிளறினார். சட்டைப் பையையும் பேன்ட் பையையும் தடவினார். ஒன்றும் சிக்கவில்லை. அறிவழகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். திருடாத ஒருவனுக்கு இவ்வளவு சந்தோஷம் வந்து அவன் பார்த்ததில்லை.

"சுத்தமா இருக்கு" என்று சிங்காரவேல் அவன் முதுகில் தட்டினார்.

அவன் செருப்பில் காலை நுழைத்தான்.

"ஒரு நிமிஷம் தம்பி."

சிங்காரவேல் தன் சட்டைப் பையில் கையை விட்டு, ஒரு சின்னப் பச்சைப் பலகையை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"நீ உள்ளதச் சொல்றியா, இல்ல போர்டு போச்சி அது போச்சின்னு ஏமாத்துறியான்னு பாக்கலாம்னு, காலையிலியே நான் கழட்டி வெச்சிக்கினு இருக்கற ரேமு இது."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப உள்ள இருக்கறது எவன் வூட்ல உருவினது?"