காற்று போன வழி

"ஒட்டுப் போடுவியோ, புதுத்தோல் போடுவியோ, எனக்குத் தெரியாது. எலியா திருநாளுக்குள்ள வேணும்டா" என்று சொல்லி, ஆட்டுத்தோல் பையில் குழல்கள் செருகிய தன் கைடா வாத்தியத்தை மின்கோவின் மேசையில் கிடத்திவிட்டு, காபி கேட்டு முற்றத்துக்குப் போய்விட்டான் வுல்ச்சோ.

திருநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மேட்டுப் புல்வெளியில் ஆட்டுக்கறிக் கொப்பரை அடுப்பேறியதும் வுல்ச்சோ கைடாவை ஊதத் தொடங்குவான். கறி வேகும்வரை ஊரே கைகோத்து ஆடும். நடுவில் இசை நிற்கக் கூடாது.

போன வருடம் இரண்டு முறை நின்றுவிட்டது.

ஆட்டுத்தோல் பை ஒழுகுகிறது என்றான் வுல்ச்சோ. இந்த வருடமும் நின்றால் ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுக்கொள்கிறோம் என்று இளவட்டங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்குவதில்லை என்று அவன் மனைவி ஒருநாள் வந்து புலம்பிவிட்டுப் போனாள்.

ஊரில் கைடா பழுது பார்ப்பவன் மின்கோ ஒருவன்தான். ஒழுகல் என்றால் அவனுக்குத் துப்பறிகிற சந்தோஷம்.

குழல்களைக் கழற்றித் துளைகளைத் தக்கையால் அடைத்தான். தானே ஊதிப் பையை நிரப்பினான். மேலே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தான். ஒழுகுகிற பை என்றால் ஐந்து நிமிடத்தில் பெட்டி மேசையைத் தொட்டுவிடும்.

தொடவில்லை.

தையலில், கழுத்து முடிச்சில், கால் கட்டிய இடங்களில் எல்லாம் சோப்பு நுரையைத் தடவினான். ஒரு குமிழிகூட வரவில்லை. ஊதுகுழலில், ஊதிய காற்றைத் திரும்ப விடாத தோல் மடலைத் தூக்கிப் பார்த்தான். அதுவும் சரியாக இருந்தது. கால் மணி நேரமாகியும் இஸ்திரிப் பெட்டி மாப்பிள்ளை மாதிரி மேலேயே உட்கார்ந்திருந்தது.

அப்படியானால் காற்று எங்கேதான் போகிறது?

முற்றத்தில் வுல்ச்சோ, மின்கோவின் மனைவியிடம் ஏதோ கழுதைக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். நல்ல கதைதான். ஆனால் நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்க நிறுத்தினான். சிரிக்க வேண்டிய இடத்திலும் நிறுத்தினான்.

மின்கோவின் கை அப்படியே நின்றது.

ஈயச் சுரங்கத் தூசியில் வுல்ச்சோ இருபத்தேழு வருடம். மின்கோ ஆறு வருடத்தில் ஓடிவந்துவிட்டவன். பாம்பின் கால் பாம்பறியும்.

பை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் வுல்ச்சோ மறு கேள்வி கேட்க மாட்டான். கைடாவை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துவிடுவான். பிறகு எழுந்திருக்கவும் மாட்டான்.

மின்கோ குத்தூசியை எடுத்தான். இன்னும் பத்து வருடம் தாங்கக்கூடிய அந்தத் தோலில், தையலோரமாக ஒரு குத்துக் குத்தினான்.

பிறகு வுல்ச்சோவைக் கூப்பிட்டு, நுரையில் எழும்பிய குமிழியைக் காட்டினான். ஒட்டுப் போட்டால் நிற்காது, புதுத்தோல்தான் என்றான்.

வுல்ச்சோ குனிந்து வெகுநேரம் பார்த்தான். நிமிர்ந்து, மின்கோவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

"நாசமாப் போறவனே, இதுதானா? நான் வேற என்னமோன்னு நெனச்சு தூங்கக்கூட இல்லடா."

அவன் மெதுவாகச் சரிவில் இறங்கி மறையும்வரை மின்கோ வாசலில் நின்றான்.

உள்ளே வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊதிப் பழகுவதற்காகச் செதுக்கி வைத்திருந்த சீவாளிகளைக் கொட்டி, பாதி மூச்சிலேயே பாடக்கூடிய மெல்லியதாக ஒன்றைத் தேட ஆரம்பித்தான்.