இடுப்பளவு தண்ணீர்

மும்பை செம்பூரில் இருபது மாடிக் கட்டடத்தின் நீச்சல் குளத்தருகே, இடுப்புவரை நனைந்த சேலையோடு நிற்கிறாள் ஆறுமுகத்தாய். தாராவியிலிருந்து வந்து ஒன்பது வருடமாக இந்தக் குளத்தைச் சுத்தம் செய்கிறவள். வேலைக்காரர்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது குடியிருப்பு சொசைட்டியின் சட்டம். நீளக் கம்பில் மாட்டிய பிரஷ்ஷால் மேலே நின்றுதான் தேய்ப்பாள். பிள்ளைகள் குதிக்கையில் தெறிக்கும் துளிகள்தான் இதுவரை அவள்மேல் பட்டவை. இன்று குளம் சுத்தம் செய்யும் இரண்டு இயந்திரங்களை வெள்ளோட்டம் பார்க்கிறார்கள். மின்சாரத்தில் ஓடும் ரோபோ, சுவரில் தானே ஏறி, தானே இறங்கி, வேலையை முடித்துவிட்டு ஓரமாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. மற்றது, பம்ப் தள்ளும் தண்ணீரின் வேகத்தில் நகர்வது. பத்தே நிமிடத்தில் அதன் ஹோஸ் ஏணிக்காலில் சுற்றிக்கொண்டது. விற்க வந்தவன் தன் இஸ்திரி போட்ட பேன்ட்டைப் பார்த்துத் தயங்க, "நீயே எறங்கி எடுத்துடு" என்று ஆறுமுகத்தாயிடம் சொன்னார் சொசைட்டி செக்ரட்டரி ராமசேஷன். இறங்கினாள், சிக்கலை எடுத்தாள், ஏறிவிட்டாள். அவ்வளவுதான். கொசுவத்தில் தங்கிய குளிர்ச்சி இன்னும் முழங்காலில் வழிகிறது. நீல ஓடுகளின்மேல் வெயில் அசைகிறது.

"தினம் பாக்கறவ நீ. எது தேவலை, சொல்லு" என்கிறார் ராமசேஷன்.

அவள் ரோபோவைப் பார்க்கவில்லை. சிமென்ட் தரையில் தன் ஈரக் காலடிகள் ஓரத்திலிருந்து காய்ந்துவருவதைப் பார்க்கிறாள்.

"ஹோஸு வச்சதே இருக்கட்டும் சார்."

"அதுதான் சிக்கிக்கறதே?"

"சிக்குனா என்ன சார், நான் எறங்கி எடுத்து விடுதேன்."